அண்ணன் மதுரை பஸ்ஸில் ஏறுவதில்லை

1

மருத்துவரின் வரவேற்பறையிலிருந்து தொலைபேசியில் பேசிய பெண் வேகமாக ஒரு கேள்வி கேட்டாள். "இல்லை, அவர் நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது" என்று பதில் சொன்னேன். பிறகு அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாக, கேள்வியைத் திரும்பக் கேட்டாள்.

ஜெர்மன் மொழியில் புராஸ்டேட் சுரப்பிக்கு ஒரு பழைய பெயர் உண்டு. ஃபோர்ஷ்டேயர் சுரப்பி. ஃபோர்ஷ்டேயர் என்றால் முன்னால் நிற்பவர். ஓர் அலுவலகத்துக்கோ நிலையத்துக்கோ பொறுப்பாக இருப்பவரையும் அப்படித்தான் சொல்வார்கள். உடம்புத் தொந்தரவுக்கும் புகாருக்கும் இங்கே ஒரே சொல். "புராஸ்டேட்டில் தொந்தரவு உண்டா?" என்று அவள் கேட்டது "உங்கள் பொறுப்பாளர் மேல் புகார் உண்டா?" என்று என் காதில் விழுந்திருக்கிறது. நான் எங்கள் ஃபோர்மேனை நினைத்துக்கொண்டு அவருக்கு நற்சான்று கொடுத்துவிட்டேன்.

இது சென்ற ஆண்டின் தொடக்கத்தில் நடந்தது. வெளியே பனி உறைந்து கிடந்தது. சாப்பிடும்போது மனைவி கீதாவிடம் சொன்னேன். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

என் ஊர் உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் அனுமந்தன்பட்டி. ஸ்டுட்கார்ட் அருகே ஒரு சிறு நகரத்தில் இருக்கிறேன். பொட்டலம் கட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது வேலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எங்களுக்கு ஒரே மகன், அருண். ஹாம்பர்க்கில் தனியாக இருக்கிறான். ஊரில் எனக்கு இருப்பது அண்ணன் பெருமாளும் மதினியும். அவர்களுடைய இரண்டு பெண்களும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர், திராட்சை விவசாயி.

மருத்துவரிடம் போகச் சொன்னது கீதாதான். வேலை நேரத்தில் நான் அடிக்கடி கழிப்பறைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலையில் காரை ஓட்டினால், தெரிந்த நிறுத்தம் எல்லாவற்றிலும் நின்றேன். நின்றாலும் உடனே வராது. வந்தாலும் முழுதாக முடிந்த உணர்வு இருக்காது. குளிர் தேசம், அப்படித்தான் இருக்கும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "குளிர் எனக்கும் சேத்துத்தான் அடிக்குது" என்று சொல்லி அவளே நாள் குறித்துவிட்டாள்.

2

சிறுநீரக மருத்துவர் ஒரு இளம்பெண். ஆண் மருத்துவர் யாராவது இருக்கிறாரா என்று வரவேற்பில் கேட்டேன். இருக்கிறார், ஆனால் இலையுதிர் காலத்தில்தான் இடம் கிடைக்கும் என்றார்கள். இங்கே எதற்கும் ஒரு பரிந்துரைச் சீட்டு வேண்டும், சீட்டு வந்த பிறகு காத்திருக்க வேண்டும், காத்திருந்த பிறகு வேறு சீட்டு கேட்பார்கள். மறுபடி முதலிலிருந்து வர மனமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அவர் ஒரு தாளில் படம் வரைந்தார். மேலே பலூன் மாதிரி மூத்திரப்பை. அதன் கழுத்தடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு உருண்டை. சிறுநீர்க் குழாய் அந்த உருண்டையின் நடுவே துளைத்துக்கொண்டு இறங்குகிறது. விந்துக்கு வேண்டிய நீரைச் சுரப்பது இதன் வேலை. இதற்கு மூன்று கோளாறு வரலாம். முதலாவது, வயதாக ஆக இது பெருக்கிறது. பெருத்தால் நடுவில் போகும் குழாய் நெருக்கப்படுகிறது. "இது பெரும்பாலான ஆண்களுக்கு வருவது. புற்றுநோய் அல்ல. புற்றாக மாறுவதும் இல்லை" என்றார். மாத்திரையில் கட்டுப்படும், மீறினால் சிறு அறுவைச் சிகிச்சை.

இரண்டாவது, கிருமி தாக்கி வீங்குவது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு துருக்கிக்காரருக்கு அது வந்தது. அடிவயிற்றில் வலி, காய்ச்சல், எரிச்சல். வாரக்கணக்கில் மருந்து சாப்பிட்டுச் சரியானார்.

மூன்றாவதைச் சொல்வதற்கு முன் பேனாவைக் கீழே வைத்தார். "புற்றுநோய். இதில் மோசமான விஷயம், ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பக்கத்தில் தொடங்கும். குழாயை நெருக்காது. வலிக்காது. தெரிய வரும்போது சிலருக்கு அது எலும்புக்குப் போயிருக்கும்."

பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அந்த எண் இந்த மூன்றில் எது இருந்தாலும் ஏறும். அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் தேட வேண்டுமா என்று அது சொல்லும் என்றார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் படுக்கச் சொன்னார். எந்த வழியாகச் சோதித்தார் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆசனவாய் வழியாக, ஒரு விரலால். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலிக்கவில்லை. எழுந்து உடுப்பைச் சரிசெய்தபோது அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார்:

"உங்கள் அப்பாவுக்கு இருந்ததா? சகோதரர்களுக்கு?"

"தெரியாது" என்றேன்.

"அப்பா எதனால் இறந்தார்?"

"வயது" என்றேன். அவர் காத்திருந்தார். அப்பா அறுபதுகளில் இறந்தவர். இந்த நாட்டில் அது ஒரு வயதே இல்லை. "வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். ரத்த உறவில் இருந்தால் நாம் வேறு மாதிரி பார்க்க வேண்டும்" என்றார்.

3

சனிக்கிழமை அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே மதியம் சாய்ந்த நேரம். தோட்டத்தில் இருந்தார். பந்தலுக்கு அடியில் மருந்தடிக்கும் மோட்டார் சத்தம் கேட்டது. நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"அண்ணே, அப்பா எதுலண்ணே செத்தாரு?"

"ஏலே, இத்தன வருசம் கழிச்சு அத எதுக்குலே கேக்குற?"

"இங்கன டாக்டர் கேக்குறாக."

"இடுப்பு வலிலே. ரெண்டா ஒடியுதுன்னு கத்துவாரு. கடசியில நீர் அடச்சுக்கிருச்சு. நீ அப்ப கோயமுத்தூர்ல படிச்சுக்கிட்டிருந்த."

"நீர் அடைச்சதா? எனக்கு யாரும் சொல்லலயே."

"வெளிய சொல்ற சீக்கா அது? ஆத்தாவுக்கே நாந்தான் சொல்லல."

மருத்துவர் சொன்னதையெல்லாம் அவருக்கு எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். புராஸ்டேட் என்ற சொல்லை அவர் அதுவரை கேட்டதில்லை. கேட்டுவிட்டு, "ஒனக்கு என்ன சொன்னாக?" என்றார்.

"இன்னும் முடிவு வரல. உங்களுக்கு எப்படிண்ணே? ஒண்ணுக்கு நல்லாப் போகுதா?"

அண்ணன் தம்பிக்குள் பேசுகிற பேச்சு இல்லை அது. "வயசாச்சுல்லலே" என்றார். பிறகு மோட்டாரைப் போடச் சொன்னார்.

மறுநாள் மதினியைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டில் எதையும் முதலில் அறிகிறவர் அவர், கடைசியில் சொல்கிறவரும் அவர்.

"தம்பி, நீங்களே கேட்டதால சொல்றேன். உங்கண்ணன் ரெண்டு வருசமா பஸ்ல ஏற மாட்டேங்கறாக. மதுரையில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வரையில, கணவாய்க்கிட்ட வந்ததும் முடியலன்னு கண்டக்டரக் கெஞ்சி வண்டிய நிறுத்துனாக. எறங்கிப் போனவுக மரத்துக்குப் பின்னாடி நிக்கிறாக, நிக்கிறாக, வரவே இல்ல. உள்ள இருக்க ஆளுகல்லாம் சத்தம் போடுறாக. டிரைவர் ஆரன் அடிக்கிறாரு. அவசரத்துல திரும்பி வந்தாக. வேட்டி நனஞ்சிருச்சு. நான் என் சீலத் தலப்ப மடியில போட்டு மறச்சேன். ஆண்டிபட்டி, தேனி தாண்டி ஊர் வர்ற மட்டும் ஒரு வார்த்த பேசல. அன்னைக்கி விட்டதுதான் பஸ்ஸு."

அதற்குப் பிறகு எங்கே போனாலும் மொபெட்டில்தான் போகிறாராம். தூரமாக இருந்தால் போவதில்லை. பேரப்பிள்ளைக்குக் காது குத்தியபோதுகூடத் திருப்பூருக்குப் போகவில்லை. தோட்டத்தில் வேலை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

4

என் முடிவு வந்தது. ரத்தத்தில் எண் கொஞ்சம் ஏறியிருந்தது. அப்பாவின் கதையைச் சொன்னதால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். புற்று இல்லை, வயதால் வரும் வெறும் வீக்கம்தான். தினமும் ஒரு மாத்திரை, ஆண்டுக்கு ஒரு பரிசோதனை. மருத்துவர் கைகுலுக்கினார்.

அண்ணனுக்கும் எனக்கும் இருந்த தொந்தரவு ஒன்றேதான். அடிக்கடி போவது, நின்று காத்திருப்பது, சொட்டுச் சொட்டாக முடிவது. என்னைப்போல அவருக்கும் வெறும் வீக்கமாகவே இருக்கலாம், சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று வாரம் தவறாமல் சொன்னேன். அவர் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வைத்திருந்தார். கொடியைக் கவாத்து வெட்டுகிற நேரம். காய் பிடிக்கிற நேரம். அறுப்பு. திராட்சைக்காரனுக்கு வருடம் முழுக்கக் காரணம் உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு மொபெட்டிலேயே மலை ஏறி, குமுளிப் பக்கம் ஒரு மலையாள வைத்தியரிடம் கஷாயம் வாங்கி வந்தார். "ஒக்கே சரியாகும் சேட்டா", எல்லாம் சரியாகிவிடும் அண்ணே, என்று வைத்தியர் சொன்னதாக அண்ணன் சொன்னபோது குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த வைத்தியர் விரலை விட்டுப் பார்க்கவில்லை, எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. அண்ணனுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

"தேனியிலயே பார்க்கலாம்ண்ணே. கார் வச்சுப் போங்க."

"போயி?"

"ரத்தம் எடுப்பாக. பெறகு டாக்டர் விரலால சோதிப்பாரு. ஒரு நிமிசம்தான்."

"எங்கன?"

சொன்னேன்.

"வைலே போன" என்றார்.

ஆவணியில் போடியில் அண்ணனின் இளைய மகளுக்கு வளைகாப்பு. பக்கம் என்பதால் போயிருந்தார். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பந்தியில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. அடிவயிறு பானைபோல உப்பி வியர்த்துக் கொட்டியபோதுதான் மருமகன் பார்த்திருக்கிறார். காரில் போட்டுத் தேனிக்குக் கொண்டுபோனார்கள். குழாய் போட்டதும் பை நிரம்பிற்று. அந்த நேரத்தில் அண்ணன் அழுதார் என்று மருமகன் சொன்னார். வலியில் இல்லை, வலி போனதில்.

அங்கேதான் முதல்முறையாக ஒரு மருத்துவர் அவரை முறையாகச் சோதித்தார். சோதித்துவிட்டு மருமகனை வெளியே அழைத்து, சுரப்பி கல்லுப்போல இருக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். மதுரையில் ஊசி வழியாகச் சதை எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பிலும் முதுகுத் தண்டிலும் விலாவிலும் புற்று இருந்தது.

5

கிளம்பி வந்தேன். மதுரை மருத்துவமனையில் அண்ணன் காலருகே தொங்கிய பையை வேட்டியால் மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. விருந்தாளி வந்தால் நிற்பதுபோல நின்றார். ஊர்ப் பிள்ளைகள் சிலர் என்னை அப்படித்தான் நடத்துவார்கள். அவர் அப்படிச் செய்தது அன்றுதான்.

மருத்துவர் என் வயதுக்காரர். மூடி மறைக்காமல் பேசினார். இந்தப் புற்று ஆண் ஹார்மோன் என்கிற சுரப்புநீரைத் தின்று வளர்கிறது. அதை நிறுத்தினால் அடங்கும். குணமாகாது, அடங்கும். எவ்வளவு காலம் என்று ஆளுக்கு ஆள் மாறும். நிறுத்த இரண்டு வழி. ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி. இன்னொன்று, அதைச் சுரக்கும் விதை இரண்டையும் எடுத்துவிடுவது.

"காயடிக்கிறதுதான?" என்று அண்ணன் கேட்டார்.

"அப்படி நினைக்காதீங்கய்யா. இது சிகிச்சை."

"வேற எப்பிடிய்யா நெனைக்கிறது? எங்க வீட்டுக் காளக்கன்னுக்கெல்லாம் காலப் பிடிச்சுக் குடுத்தது நாந்தான்."

நாங்கள் வெளியே வந்து நடைக்கூடத்தில் உட்கார்ந்தோம். ஊசியே போடலாம், கார் வைத்துக் கூட்டி வர ஏற்பாடு செய்கிறேன் என்றேன். மதினி எதிரே சுவரில் சாய்ந்து நின்றார்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா இம்புட்டுத் தூரம் வரணும்" என்றார் அண்ணன். "வர்றப்பல்லாம் நாலு இடத்துல நிறுத்தணும். ஆப்பரேசன்னா ஒரே தடவையோட போச்சு."

"அண்ணே, நல்லா யோசிச்சுக்கங்க."

"யோசிக்க என்னலே இருக்கு? அறுபத்தி மூணு வயசுல இத வச்சு என்ன செய்யப் போறேன்?" சொல்லிவிட்டு மதினியைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் முகத்தில் அப்போது வந்ததை என்னால் எழுத முடியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊருக்குள்ள ஒருத்தர்கிட்டயும் இதச் சொல்லக் கூடாது. கொடலெறக்கம்னு சொல்லிருங்க."

அறுவை முடிந்து ஊருக்கு வந்ததும் அப்படியே சொன்னோம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குடலிறக்கத்துக்குப் பத்தியம் சொன்னார்கள். ராயப்பன்பட்டியிலிருந்து வந்த அவருடைய பழைய பள்ளித் தோழர் ஒருவர் தனக்கும் கொஞ்ச நாளாக நீர் சரியாகப் போகவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பார், இவருக்காவது சொல்வார் என்று காத்திருந்தேன். "வயசாச்சுல்ல மாப்ள" என்றார் அண்ணன். தோழரை வாசல்வரை கொண்டுபோய் விடும்போது, தேனியில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று நான் சொன்னேன். "ஆகட்டும்" என்றார். போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் விமானத்தில், எழுந்து போக வசதியாக நடைவழியை ஒட்டிய சீட்டு கேட்டு வாங்கினேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்நாட்டவர் வரிசையில் நின்று சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன்.

6

மார்கழி மாதம் வீடியோ காலில் பார்க்கும்போது அண்ணன் சட்டையில்லாமல் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். மேகமலைக் காற்று இறங்கி ஊரே போர்த்திக்கொண்டிருக்கிற மாதம் அது. அவர் மார்பில் வியர்வை ஓடியது.

"உள்ளுக்குள்ள அடுப்பு எரியிதுலே. திடீர்னு வருது, திடீர்னு போயிருது."

சுரப்புநீர் நின்றால் இப்படி வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மதினி துண்டை நனைத்துக் கொண்டுவந்து அவர் முதுகைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எனக்கு மாசாமாசம் வர்றது நின்ன புதுசுல இப்பிடித்தான் தம்பி இருந்துச்சு. அப்ப இவுக, சும்மா சும்மா என்ன விசிறிக்கிட்டுக் கெடக்கன்னு சத்தம் போட்டாக."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கு இப்பிடியா இருந்துச்சு?"

"இப்பிடித்தான்."

"சொல்லலயே."

"நீங்க கேக்கலயே" என்று சொல்லிவிட்டு மதினி துண்டைப் பிழியப் போனார்.

சில மாதங்கள் நன்றாக இருந்தார். வலி குறைந்தது. குழாயை எடுத்துவிட்டார்கள். மொபெட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். உடம்பு மட்டும் இளகிவிட்டது. தோள் சரிந்து, மருந்தடிக்கும் டப்பாவைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது.

அந்த நாட்களில்தான் அருணிடம் பேசினேன். தாத்தாவுக்கு இருந்திருக்க வேண்டும், பெரியப்பாவுக்கு இருக்கிறது, எனக்கு வீக்கம். நாளைக்கு அவனிடம் ஒரு மருத்துவர் கேட்டால் அவன் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் ஆரம்பித்தேன். மூத்திரம், விதை என்ற சொற்களை எல்லாம் என் மகனிடம் நான் பேசியதில்லை. அவனுக்கு அவை தெரியவும் தெரியாது. ஜெர்மனுக்கு மாறினேன். அதில் என் வாக்கியங்கள் மருத்துவச் சீட்டு மாதிரி ஆயின. இரண்டு மொழியிலும் பயத்தைச் சொல்ல எனக்கு வரவில்லை.

"எந்த ஓங்கல்?" என்று கேட்டான். பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோருக்கும் இங்கே ஒரே சொல்.

"பெரியப்பா. ஊரில இருக்கிறவர்."

"ஆ, டிராக்டர்" என்றான். சின்ன வயதில் அவர் அவனை மடியில் வைத்து ஓட்டியதை நினைத்துக்கொண்டான். "பாவம். ஆனா அப்பா, அது வயசானவங்களுக்கு வர்றதுதானே?"

"உனக்கு நாற்பது ஆனதும் ரத்தம் பார்த்துக்க. மறக்காத."

"ஓகே" என்றான். அன்று மாலை ஒரு இணைப்பை அனுப்பினான். தக்காளி சாப்பிட்டால் புராஸ்டேட்டுக்கு நல்லது என்று ஜெர்மனில் எழுதியிருந்தது. கீதா பார்த்துவிட்டு, "பிள்ளை அக்கறையாத்தான அனுப்பிருக்கான்" என்றாள். ஆமாம், அக்கறையாகத்தான்.

இதைப் படிக்கிற ஆண்களில் பாதிப்பேர் இந்நேரம் வேறு பக்கத்துக்குப் போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் போயிருப்பேன். மிச்சமிருப்பவர்கள் அப்பாவிடமோ அண்ணனிடமோ ஒருமுறை கேளுங்கள். பதில் வராது. பதில் வராதபோது மதினியிடம் கேளுங்கள்.

7

இந்த ஆனி மாதம் அண்ணனின் பி.எஸ்.ஏ. எண் மறுபடி ஏறியது. மருத்துவர் எதிர்பார்த்ததுதான். புற்று, அந்தச் சுரப்புநீர் இல்லாமலே வளரக் கற்றுக்கொண்டுவிட்டது. வேறு மாத்திரைகள் கொடுத்தார்கள். ஆடியில் கால்கள் தளர்ந்தன. தண்டுவடத்தை நெருக்குகிறது என்று கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். அவர் மறுபடி நடக்கவில்லை. குழாயும் பையும் திரும்ப வந்தன. தோட்டத்தை ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார்கள்.

நான் விடுப்புக் கேட்டேன். ஆண்டு விடுப்பு தீர்ந்திருந்தது. அலுவலகத்தில் இருந்த அம்மையார் பரிவாகத்தான் பேசினார்.

"யாருக்கு உடம்பு சரியில்லை? பெற்றோரா, துணைவியா, பிள்ளையா?"

"அண்ணன்."

"உடன்பிறந்தவர்கள் நம் ஒப்பந்தத்தில் வரவில்லையே." திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அவர் உங்களுடன் ஒரே வீட்டில் வசிக்கிறாரா?"

அனுமந்தன்பட்டி வீட்டில் இன்னும் என் பெயர் சொல்லி ஓர் அறை இருக்கிறது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "இல்லை" என்றேன். மருத்துவச் சான்று கேட்டார். மதுரையிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து முத்திரை வாங்கச் சொன்னார். வாங்கினேன். எல்லாம் முடிந்து, சம்பளமில்லாத விடுப்பு அனுமதியாகி வர, இங்கே இலை உதிர்ந்துவிட்டது.

அன்றே அண்ணனைக் கூப்பிட்டேன். மதினி தொலைபேசியை அவர் காதில் வைத்தார்.

"அண்ணே, லீவு கெடச்சிருச்சு. அடுத்த வாரம் வர்றேன்."

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "வராதலே" என்றார்.

"என்னண்ணே சொல்றீக?"

"நீ வந்தா நான் எந்திரிச்சு உக்காரணும். செவரம் பண்ணணும். சட்ட போடணும். இந்தப் பைய மறைக்கணும். முடியலலே."

"உங்கள அப்பிடியே பார்த்தா என்னண்ணே? நான் பார்க்காததா?"

"நீ பாத்துருவ. நீ பாக்குறத நான் பாக்கணுமேலே." கொஞ்சம் நிறுத்தி மூச்செடுத்தார். "எல்லாம் முடிஞ்ச பெறகு வா. இப்ப அங்கனயே இரு."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று மதினி சொன்னார். அறைக்கு வெளியே வந்து, தாழ்ந்த குரலில், "நானும் வாங்கன்னுதான் தம்பி சொல்லணும். ஆனா நீங்க லீவு கேட்டிருக்கீகன்னு சொன்னதுலேருந்து, செவரம் பண்ண ஆளு வந்தாச்சான்னு கேட்டுக் கேட்டு உங்கண்ணன் அழுகுறாக. அவுக சொல்றபடி விட்டுருங்க" என்றார். போன முறை அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இந்த முறை அவரால் எழ முடியாது. நான் போனால் அவர் எழ முயல்வார்.

போகவில்லை. அருண் ஒருநாள் கூப்பிட்டு, "நீங்க இந்தியாவில இல்லையா?" என்றான். இல்லை என்றேன். சரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

விடுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. கீதா வேலைக்குப் போன பிறகு சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்து ஊருக்குப் பேசுகிறேன். மதினி தொலைபேசியை அண்ணன் காதில் வைக்கிறார். வலிக்குக் கொடுக்கும் மருந்தில் அவர் பெரும்பாலும் உறங்குகிறார். ஆரம்பத்தில் "ம்" என்பார். சென்ற வாரத்திலிருந்து அதுவும் இல்லை. நான்தான் பேசுகிறேன். பெரியாற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்களாமே என்கிறேன். குத்தகைக்காரர் கவாத்தை ஒழுங்காக எடுக்கிறாரா என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும் அளவுக்கு நேரம் விடுகிறேன். ஒரு மூச்சு, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இன்னொரு மூச்சு.

இன்று காலை பேசி முடித்ததும் மதினி தொலைபேசியைத் திரும்ப எடுத்தார்.

"மதினி, நான் பேசுனதக் கேட்டாகளா?"

தலையணையைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது.

"கேட்டாகன்னு வச்சுக்கங்க தம்பி" என்றார்.